முக்கோணத் துண்டுகளில் விரிப்பு தைத்தால் அலை எழும்புவது ஏன்?

9 ஜூன் 2023 (கரூரிலிருந்து வந்த கேள்வி)

வீட்டில் சேர்ந்த மிச்சத் துணிகளை முக்கோணமாக வெட்டி ஒட்டுத்துணி விரிப்பு தைக்கத் தொடங்கினேன். ஏழாவது வரிசைக்கு வருவதற்குள் பொரித்த அப்பளம் போல நெளிந்துவிட்டது. தரையில் விரித்தால் நடுவில் படிகிறது, ஓரம் எழும்புகிறது. சதுரத்தில் தைத்தபோது இந்தத் தொல்லை இல்லை. முக்கோணம் பார்க்க அழகு, தைக்க வீண்வேலை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் சொல்லலாம்.

9 ஜூன் 2023, இரவு (என் பதில்)

மறுக்கிறேன். முக்கோணத்தின் மேல் பழி போடாதீர்கள். துணியை எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் இழுத்தால் நீளாது என்று பார்க்காமல் தைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அம்மா ஈரோட்டில் 1979 முதல் 2014 வரை வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைத்தார். வெட்டியது போக விழும் துண்டுகளை எறிய மனம் வராமல் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி வைப்பார். தையலை நிறுத்தியபோது மூன்று சாக்கு இருந்தது. ஒன்றை எலி முடித்துவிட்டது. மற்ற இரண்டும் என்னிடம் வந்தன. பிரித்துக் கொட்டினால் பாதிக்குப் பாதி முக்கோணம். காரணம் தையல் தெரிந்தவர்களுக்குப் புரியும். அம்மாவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கிராஸ் கட்டிங் கேட்பார்கள். முன்பக்கத் துண்டைத் துணியின் மேல் சாய்வாக வைத்து வெட்டினால் மூலைகளில் முக்கோணம்தான் மிஞ்சும். ஆகவே முக்கோணத்தை நான் தேடிப் போகவில்லை. சாக்கில் இருந்தது அதுதான்.

அளவு வேண்டுமென்றால்: தைத்து முடித்தபின் 4 அங்குலச் சதுரம் நிற்க வேண்டுமா, நாலரை அங்குலத்துக்கு வெட்டுங்கள். இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும்.

10 ஜூன் 2023, காலை

நேற்று எழுதிய அளவு தப்பு. யாராவது வெட்டிவிட்டீர்களா? வெட்டியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

நாலரை என்பது முழுச் சதுரத்துக்கு உள்ள கணக்கு. இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துச் சதுரமாக்கும்போது நடுவே சாய்வாக இன்னொரு தையல் விழுகிறது. அதுவும் துணியைத் தின்னும். 4½ அங்குலச் சதுரத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டித் திரும்பத் தைத்தால் கையில் நாலே அரைக்காலுக்குச் சற்று மேல்தான் நிற்கும். அதை நான் இரவு பத்து மணிக்கு மறந்துவிட்டேன்.

சரியான கணக்கு: முடிவில் வரும் சதுரத்தின் அளவோடு முக்காலே அரைக்கால் அங்குலம் சேர்க்க வேண்டும். அதாவது 4 அங்குலத்துக்கு 4⅞. நாலே முக்காலே அரைக்கால். "அரைக்காலா, அதையெல்லாம் இன்னும் யாராவது சொல்கிறார்களா?" என்று என் மகன் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த பின்னத்துக்கு இப்படி வாயில் உருளும் பெயர் ஏதாவது உண்டா?

ஆனால் அரைக்கால் பார்த்து அறுநூறு துண்டு வெட்ட யாருக்குப் பொறுமை? நான் செய்வது: 5 அங்குலத்துக்கே வெட்டுவேன். இரண்டைச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு 4½ அங்குலச் சதுரமாக ஓரம் சீவுவேன். சீவுவதற்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 4½ அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் வைத்தால் அடியில் உள்ள தையல் தெரியும். கோட்டைத் தையலின் மேல் வைத்து, சுற்றிலும் பிதுங்குவதை வெட்டிவிட வேண்டியதுதான். அப்பாவின் முழங்கால் அந்த ஃபிலிமில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

14 ஜூன் 2023

கரூர்க்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நினைத்தது சரி.

அவர் முக்கோணங்களைக் கோபுர வரிசை போல நிறுத்தி, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாகச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு குட்டை ஓரம், ஒரு நீள ஓரம். குட்டை ஓரங்களை ஒன்றோடொன்று தைத்ததால் நீள ஓரங்கள் எல்லாம் வரிசையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் போய் நிற்கின்றன. வினையே அங்குதான்.

ஒரு கைக்குட்டையை எடுங்கள். கரையோடு சேர்த்து இரு கையாலும் இழுங்கள். நீளாது. நெடுக்கே ஓடும் பாவு நூலோ குறுக்கே ஓடும் ஊடை நூலோ நேராக நின்று தாங்குகிறது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி ரப்பர் போல நீண்டு, நடுவில் ஒடுங்கும். நூல் எதுவும் நீளவில்லை. குறுக்கும் நெடுக்கும் ஓடும் நூல்கள் கயிற்றுக் கட்டில் சாய்வது போலச் சாய்ந்துகொள்கின்றன. தையல்காரர்கள் இதைத்தான் கிராஸ் என்கிறார்கள். கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்பில் சிக்கென்று உட்காருவதும் இதனால்தான். உடம்புக்கு உதவுகிற அந்தக் குணம் விரிப்புக்கு எமன்.

ரவிக்கைத் துணியின் மூலையில் மிஞ்சும் முக்கோணத்தில் இரண்டு குட்டை ஓரங்களும் நேர் இழை, அதாவது நூல் ஓடும் திசையிலேயே இருப்பவை. நீள ஓரம் கிராஸ். சதுரத்தைக் குறுக்கே வெட்டினாலும் அதே கதை. அந்தக் கிராஸ் ஓரம் வரிசையின் விளிம்பில் நின்றால், இயந்திரத்தின் பாதத்துக்கு அடியில் போகும்போதே நீளும். தூக்கினால் நீளும், இஸ்திரி போட்டால் நீளும், மடித்து வைத்தாலும் நீளும். ஏழு வரிசையில் வரிசைக்குக் கால் அங்குலம் கூடினால் போதும், அப்பளம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? 2019 இல் தங்கையின் பேரனுக்குத் தொட்டில் விரிப்பு தைத்தேன். இதே கோபுர வரிசை. ஒரு பக்கம் 30 அங்குலம், எதிர்ப்பக்கம் 32½. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் விளிம்பை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இது பாவாடையா?" என்று கேட்டார்.

வழி இதுதான். முதலில் நீள ஓரத்தை நீள ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். கிராஸ் ஓரம் இரண்டும் தையலுக்குள் மாட்டிக்கொண்டு அடங்கிவிடும். கையில் நிற்பது ஒரு சதுரம். அதன் நான்கு ஓரமும் நேர் இழை. அதற்குப் பிறகு நீங்கள் தைப்பதெல்லாம் உங்களுக்குப் பிடித்த சதுர விரிப்புதான், கரூர்க்காரரே.

14 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

"கோபுர வரிசைதான் எனக்கு வேண்டும்" என்று ஒருவர் அடம்பிடிக்கிறார். சரி. அப்படியானால் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக வெட்டுங்கள். துணியை நேர் இழையில் பட்டையாகக் கிழித்து, அந்தப் பட்டையிலிருந்து முக்கோணங்களை வெட்டினால் அடிப்பக்கம் நேர் இழையாக இருக்கும். அந்த அடிப்பக்கம் எப்போதும் வரிசையின் விளிம்பில் வர வேண்டும். பட்டையின் அகலம், முடிவில் வரும் உயரத்தோடு முக்கால் அங்குலம் கூட. சாக்குத் துண்டுகளில் இது நடக்காது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

15 ஜூன் 2023

இன்னொன்று விட்டுப்போயிற்று. நம் மொழியில் இஸ்திரி "தேய்ப்பது" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முக்கோணத்துக்கு அந்தச் சொல் ஆகாது. வைத்து அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் போயிற்று.

2 ஜூலை 2023

கிராஸ் ஓரத்தை அடக்க இன்னொரு வழி கஞ்சி. சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, துண்டுகளை முக்கி எடுத்துக் காயவைத்து இஸ்திரி போட்டால் காகிதம் போல நிற்கும். இழுத்தாலும் நீளாது. வடிகட்டாவிட்டால் அரக்கு, கருநீலத் துணிகளில் வெள்ளைத் திட்டு விழும். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் மொடமொடப்பு. கடையில் தெளிப்பானில் விற்கும் கஞ்சியை நான் வாங்கவில்லை. வீட்டில் தினமும் ஒரு செம்பு கஞ்சி வாய்க்காலுக்குப் போகிறதே.

கஞ்சிக்கு முன்னால் துணியை ஊறவைத்து அலசிவிட வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள். தைப்பதற்கும் அதே விதிதான். டூ பை டூ என்கிற ரவிக்கைத் துணி முதல் தண்ணீரிலேயே கொஞ்சம் சுருங்கும். சுருங்கிய துணியையும் சுருங்காத துணியையும் சேர்த்துத் தைத்தால் பிறகு அவை ஒன்றையொன்று இழுக்கும். சின்னத் துண்டுகளைத் தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டி முக்குங்கள். இல்லாவிட்டால் நூல் பிரிந்து ஒரே பந்தாகிவிடும்.

4 ஜூலை 2023

திருப்பூரிலிருந்து கேட்டவருக்கு: பனியன் துணி வேண்டாம். அது நெய்த துணி அல்ல, பின்னிய துணி. எல்லாப் பக்கமும் நீளும். அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று தெரியும். கால்மிதி தைக்கலாம்.

19 ஜூலை 2023

கஞ்சியைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். வெட்டுவதற்கு முன்பு கஞ்சி போடுங்கள் என்று நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அளவாக வெட்டி வைத்த நாற்பது முக்கோணங்களை அவசரத்தில் கஞ்சியில் முக்கினேன். நனைந்த கிராஸ் ஓரம் தன் பாட்டுக்கு நீண்டது. காய்ந்தபோது நீண்ட வாக்கிலேயே விறைத்துக்கொண்டது. நாற்பதும் நாற்பது வடிவம். பெரிய கோணல் துண்டாக இருக்கும்போதே கஞ்சி போட்டு, காய்ந்து, இஸ்திரி போட்டபின்தான் அளவுக்கு வெட்ட வேண்டும்.

மீதிச் சோகம்: அவற்றைக் காயவைத்தது மொட்டைமாடியில். ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கஞ்சி போட்ட முக்கோணம் நிற்குமா? பக்கத்து வீட்டு முருங்கையில் இன்றும் ஒரு மயில்கழுத்து நிறத் துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது.

3 ஆகஸ்ட் 2023

ஆடிப்பெருக்கு. சித்திரான்னம் சாப்பிட்டுவிட்டு எண்ண உட்கார்ந்தேன்.

அகலத்துக்கு 15 சதுரம், நீளத்துக்கு 22. தைத்து முடித்தால் 60க்கு 88 அங்குலம், ஒற்றைக் கட்டிலுக்குச் சரி. 330 சதுரம் என்றால் 660 முக்கோணம். ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று நினைத்திருந்தேன். அடர் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. அரக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு, கிளிப்பச்சை, வாடாமல்லி, பாக்கு நிறம், எம்.எஸ். பெயரைச் சொல்லி விற்ற அந்த நீலம். வெளிர் நிறம் மொத்தம் 94. ஈரோட்டுப் பெண்கள் முப்பத்தைந்து வருடமாக வெளிர் ரவிக்கையே போடவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை விரலால் உரசி, "இது ரூபியா, இது டூ பை டூ, இது டெரிகாட்டன், தூக்கிப் போடு" என்று பிரித்தார். ஒன்றிரண்டைச் சோதிக்க நூலை உருவித் தீயில் காட்டினேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் உருகி நுனியில் மணி கட்டும். அம்மா சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெளிர் நிறப் பஞ்சத்துக்கு அப்பாவின் வேட்டிகள் வந்தன. ஆறு வேட்டி. நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டினேன்; உட்காரும் இடம் எல்லாவற்றிலும் இற்றுப்போயிருந்தது.

20 ஆகஸ்ட் 2023

"கைக்கு வந்ததை எடுத்துத் தைக்க வேண்டியதுதானே, அதுதானே ஒட்டுத்துணியின் அழகு" என்று திண்டுக்கல் அக்கா எழுதியிருக்கிறார். நானும் அதை நம்பி, பைக்குள் கண்ணை மூடிக் கைவிட்டு எடுத்து ஒரு மாலை முழுவதும் தைத்தேன். மூன்று அரக்கு ஒன்றாக வந்து உட்கார்ந்தன. நான்கு பச்சை ஒரு மூலையில் கூட்டம் போட்டன. பிறகு ஒன்பது சதுரம் சேர்ந்தாற்போல் வேட்டி. தாறுமாறாக இருப்பது போலத் தெரிய வேண்டுமானால் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கூடையில் கதம்பம் கட்டுகிறவர் கைக்கு வந்த பூவையா தொடுக்கிறார்? மல்லி, மரிக்கொழுந்து, கனகாம்பரம் என்று விரல் தானாகவே முறைவைத்து எடுக்கிறது.

இரண்டு நாள் வரிசை மாற்றி மாற்றி வைத்தபின் எனக்கு மிஞ்சிய விதி ஒன்றே ஒன்று. நிறத்தைப் பார்க்காதீர்கள். வெளிரா, அடரா, அதை மட்டும் பாருங்கள். கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் வாடாமல்லி வந்தால் கண் கூசும் என்று பயந்தேன். கூசவில்லை. ஆனால் மாம்பழ மஞ்சளை அடர் என்று எண்ணி வைத்த இடமெல்லாம் ஓட்டை விழுந்தது போல இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். மாம்பழ மஞ்சள் வேட்டியோடு சேர்ந்து காணாமல் போயிற்று. அதை வெளிர்ப் பக்கம் தூக்கிப் போட்டேன். அதனால் வெளிர் எண்ணிக்கை 37 கூடியது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு வேட்டி பிழைத்திருக்கும்.

சதுரங்களை எப்படிக் கூட்டுவது என்பதில் கூட்டல் கழித்தல் நிறைய. நான்கு சதுரங்களின் கோடுகளும் நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும்படி வைத்தால் காற்றாடி வரும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புள்ளியில் எட்டு முக்கோண நுனிகள் கூடுகின்றன. டூ பை டூ துணியில் அது பொரிவிளங்காய் உருண்டை. எல்லாச் சதுரத்தையும் ஒரே திசையில் சாய்த்து வைத்தால் ஒரு புள்ளியில் ஆறுதான். நான் அதையே எடுத்துக்கொண்டேன். எட்ட நின்று பார்த்தால் தாழம்பூ ரேக்குக் கரை போட்ட சேலையை அடுக்கடுக்காக மடித்து வைத்தது போல இருக்கிறது. இதை நான் திட்டமிட்டேன் என்று சொல்ல ஆசை.

9 செப்டம்பர் 2023

"இது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு?" என்று ஒரு குரல். கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது.

கந்தை என்ற சொல்லையும் வங்காளத்தில் பழந்துணி அடுக்கித் தைக்கும் விரிப்பைச் சொல்லும் காந்தா என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. மராட்டியத்தில் கோதடி, சிந்துப் பகுதியில் ரல்லி. ரல்லியில் முக்கோணம் கொட்டிக் கிடக்கும். நம் தஞ்சாவூர், கும்பகோணத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையும் தேர்ச்சீலையும் துணிமேல் துணி வைத்துத் தைக்கிற ஒட்டு வேலைதான். படுக்க அல்ல, பார்க்க; அதுதான் வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்தது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி என்ற இனத்து மக்களின் விரிப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பழைய சேலை, சட்டைத் துணிகளை வைத்து, ஒரு மூலையில் தொடங்கி, விளிம்போடு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு வருவார்கள். அளவு நாடா கிடையாது. கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளை அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்கு ஃபுலா என்று பெயர், பூ என்று பொருள். ஃபுலா இல்லாத விரிப்பு அம்மணம் என்பது அவர்கள் எண்ணம். காதில் தோடில்லாத பெண்ணைப் பார்த்து நம் பாட்டிகள் சொல்வது போல.

வெள்ளைக்காரர் கணக்கிலும் பாதி தப்பு. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளிலிருந்து தைத்த விரிப்புகள் 2006 இல் அமெரிக்க அஞ்சல் தலைகளில் ஏறின. குளிருக்குப் போர்த்தத் தைத்தவை அவை, பொழுது போக்க அல்ல.

22 அக்டோபர் 2023

நீண்ட நாளாக எழுதவில்லை. மழை. கஞ்சி போட்டு அடுக்கி வைத்திருந்த துண்டுகளில் பூசணம். அட்டைப்பெட்டிக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியிருந்தது. கஞ்சி மனிதர்களுக்கு மட்டும் உணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜூலையில் நான் கொடுத்த யோசனைக்கு இரண்டாம் திருத்தம்: அந்த வாரம் தைக்கப் போகிற அளவுக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். 71 துண்டு குப்பைக்குப் போயிற்று.

இயந்திரம் அம்மாவுடைய பழைய மிதி இயந்திரம். முக்கோணத்தின் கூர்நுனியிலிருந்து தைக்கத் தொடங்கினால் நுனியை ஊசித் துளைக்குள் இழுத்துத் தின்றுவிடும். மென்ற நுனியை வெளியே எடுப்பதற்குள் இரண்டு ஊசி ஒடிந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "முதலில் ஒரு குப்பைத் துணியைத் தின்னக் கொடு" என்றார். ஒரு சின்னத் துணுக்கை முதலில் ஓட்டி, நூலை அறுக்காமலேயே அதன் வாலில் முக்கோணத்தைக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒன்று முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்தது. நாற்பது சதுரம் பூச்சரம் போலத் தொங்கும். பிறகு உட்கார்ந்து கத்தரிக்கலாம். ஒரே மாலையில் 58 சதுரம் முடித்தேன். இந்தக் கேள்வி பதில் இழையில் நான் பெருமைப்பட்டுக்கொள்வது இது ஒன்றுக்குத்தான்.

14 நவம்பர் 2023

தீபாவளிப் பலகாரம் தீர்ந்தது, வரிசைகளும் தீர்ந்தன. 22 வரிசையும் தயார், இனி வரிசையோடு வரிசை.

தையல் ஓரத்தை அடர் நிறத்துப் பக்கம் மடித்து அழுத்துங்கள். வேட்டித் துணிக்கு அடியில் அரக்கு ஓரம் மடிந்தால் வெளியே நிழல் தெரியும். வரிசைகளைச் சேர்க்கும்போது மட்டும் வேறு விதி. முதல் வரிசையின் ஓரங்கள் எல்லாம் இடப்பக்கம் மடிந்தால், அடுத்த வரிசையில் வலப்பக்கம். அப்படிச் செய்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். நுனிகளும் தானாகப் பொருந்தும்.

ஏதோ ஒரு வரிசையில் மாற்றி மடித்துவிட்டேன் என்று சந்தேகம். தேடினேன், கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன். கைவேலையில் ஒரு குறை இருக்க வேண்டும் என்று தத்துவம் பேசப் போவதில்லை. பிரிக்கச் சோம்பல்.

7 ஜனவரி 2024

நடுவில் பஞ்சு வைக்கச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டில் பஞ்சு வைத்துப் போர்த்தினால் மார்கழியிலேயே வேர்க்கும். நான் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை நடுவிலும் இன்னொன்றை அடியிலும் வைத்தேன். மூன்றையும் முன்னறைத் தரையில் இழுத்து விரித்து, நாலு பக்கமும் அரிசி டப்பா, இஸ்திரிப் பெட்டி, அம்மிக் குழவி வைத்து, நீள நீளமாகத் தற்காலிகத் தையல் ஓட்டினேன். பிறகு சாய்வுக் கோடுகளை ஒட்டி ஓட்டுத் தையல், கையால்.

சாய்வுக் கோட்டில் ஓட்டியது தப்போ என்று பாதியில் தோன்றியது. சாய்வு என்றால் அடியில் உள்ள சேலைக்கு அது கிராஸ். மேலே இத்தனை மாதம் அடக்கி வைத்த சனியன் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. நூலைச் சற்று இறுக்கிய இடமெல்லாம் அடிச்சேலை சுருங்கியிருக்கிறது. பாதிக்கு மேல் நேர்கோட்டுக்கு மாறிவிட்டேன். தைக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே நேராக ஓட்டுங்கள்.

28 ஜனவரி 2024

முதல் அலசல். சாயம் போயிற்று.

28 ஜனவரி 2024, மாலை

இப்போது கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. கரப்பான் தின்ற துண்டுகளுக்கு ஈடாக அக்டோபரில் பன்னிரண்டு அரக்குத் துண்டுகளைச் சாக்கிலிருந்து எடுத்து, ஊறவைக்காமலேயே சேர்த்தேன். அவைதான். சுற்றியுள்ள வேட்டி முக்கோணங்கள் எல்லாம் ரோஜா நிறம். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. உப்பு சாயத்தைப் பிடித்து வைக்காது. ஊறும்போது அதிகச் சாயம் தண்ணீரோடு போய்விடுவதால் அப்படித் தோன்றுகிறது.

காயவிடவில்லை. காய்ந்தால் கறை இறங்கிவிடும். பெரிய பாத்திரத்தில் கைபொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் சோப்புத்தூள் கொஞ்சம் தாராளமாக, விரிப்பை முழுக்க முங்கும்படி போட்டிருக்கிறேன்.

29 ஜனவரி 2024

இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். மூன்றாம் தண்ணீர் தெளிவு. ரோஜா நிறம் போயிற்று, ஐந்து முக்கோணம் தவிர. அவற்றுக்கு வெங்காயத்தோல் நிறம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

11 பிப்ரவரி 2024

கரூர்க்காரர் தம் ஏழு வரிசையையும் பிரித்து, நீள ஓரத்தோடு நீள ஓரம் சேர்த்து மறுபடி தைத்ததாக எழுதியிருக்கிறார். தட்டையாக வந்திருக்கிறதாம். ஆனாலும் "சதுரம்தான் சுலபம், என் முடிவில் மாற்றமில்லை" என்கிறார். சுலபம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வீண்வேலை என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

விரிப்பு அம்மாவின் கட்டிலில் இருக்கிறது. அளந்தேன்: ஒரு நீளம் 87½, மற்றது 87¾. கால் அங்குலம்தான் வித்தியாசம். 2019 தொட்டில் விரிப்பை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. நேற்று மத்தியானம் அம்மா அதன் மேல் படுத்து, வழக்கம் போல விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். தலைமாட்டிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"இது பதினாலாவது வரிசை. ஓரத்தை மாற்றி மடித்திருக்கிறாய், கண்ணு. ஒவ்வொரு மூலையிலும் மிளகு வைத்தது போல இருக்கிறது."

எண்ணிப் பார்த்தேன். பதினாலுதான். நவம்பரில் இரண்டு நாள் கண்ணால் தேடிக் கிடைக்காத வரிசை. இப்போது மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது, பிரிக்க முடியாது என்றேன். "பிரிக்கச் சொல்லவில்லை. கால்மாட்டுக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடு" என்றார். திருப்பிப் போட்டேன், மேலிருந்து ஒன்பதாவதாக இடுப்புக்கு வந்துவிட்டது. மறுபடி பழையபடியே போட்டேன்.

11 பிப்ரவரி 2024, இரவு

கேட்டவருக்கு: மீந்த முக்கோணம் 63. தர மாட்டேன்.